வரலாறு, அரசியல் கட்டுரைக்கு உதவி: யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வரலாறும் அரசியல் அறிவியலும் என் பாடங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் நிறையப் படித்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் "விவரிப்பு அதிகம், வாதம் இல்லை" என்ற அதே குறிப்போடுதான் கட்டுரை திரும்பி வருகிறது. மார்க்கும் நகர மாட்டேன் என்கிறது. அடுத்த கட்டுரைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. காசு கொடுத்தால் எழுதித் தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. ஏஐயிடம் கேள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். யாரிடம் உதவி கேட்கலாம்? எதுவரை உதவி வாங்கினால் தப்பில்லை?

பதில்: நீங்கள் குறைவாகப் படிப்பதால் வந்த சிக்கல் இல்லை இது. மொழிநடையும் காரணம் இல்லை. நீங்கள் எழுத உட்காருவதற்கு முன்பே, கேள்வியை வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான மாணவர்கள் உதவி தேடிப் போவதோ முழுக் கட்டுரையையும் எழுதி முடித்த பிறகு, டெட்லைனுக்கு முந்தைய நாள். அந்த நேரத்தில் யாரிடம் போனாலும் வாக்கியத்தைத்தான் திருத்த முடியும், வாதத்தைத் திருத்த முடியாது. உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது. உதவியை முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

எதைக் கேட்பது என்று தெரிய ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். "வைமர் குடியரசின் வீழ்ச்சிக்குப் பொருளாதார நெருக்கடி எந்த அளவுக்குக் காரணம்?" என்பது பல பல்கலைக்கழகங்களில் ஏதாவது ஒரு வடிவத்தில் வரும் கேள்வி. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் இருந்த ஜனநாயக ஆட்சிதான் வைமர் குடியரசு, ஹிட்லரின் நாஜிக் கட்சி ஆட்சிக்கு வந்ததோடு அது முடிந்தது. வழக்கமான கட்டுரை 1919 அரசியலமைப்பில் ஆரம்பிக்கும். போரில் தோற்ற ஜெர்மனி மேல் சுமத்தப்பட்ட வெர்சாய் ஒப்பந்தம், 1923 பணவீக்கம், 1929 பங்குச் சந்தைச் சரிவு, வேலையின்மை, ஹிட்லர் என்று வரிசையாகப் போகும். கடைசிப் பத்தியில் "ஆகவே பொருளாதார நெருக்கடி ஒரு முக்கியக் காரணம்" என்று முடியும். இதில் ஒரு தகவல்கூடத் தப்பில்லை. ஆனால் கேட்டது "எந்த அளவுக்கு" என்பது. அதற்குக் கட்டுரையில் எங்கேயும் பதில் இல்லை.

இப்போது அதே தகவல்களைக் கேள்வியின் மேல் வைத்துப் பாருங்கள். நாஜிக் கட்சி 1928 தேர்தலில் வாங்கிய வாக்கு 2.6 சதவீதம். 1930 செப்டம்பரில் 18.3. வேலையில்லாதோர் எண்ணிக்கை 60 லட்சத்தை எட்டிய 1932-இல், ஜூலைத் தேர்தலில் 37.3. நெருக்கடியும் வாக்கும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன, பொருளாதாரம்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே 1932 நவம்பரில் இன்னொரு தேர்தல் நடந்தது. அதில் அந்தக் கட்சி 33.1 சதவீதத்துக்கு இறங்கியது, இடங்கள் 230-இலிருந்து 196 ஆகக் குறைந்தன. ஹிட்லர் பிரதமர் ஆனது அதற்கு அப்புறம், 1933 ஜனவரி 30-ஆம் தேதி. வாக்கு ஏறிக்கொண்டிருந்தபோது கிடைக்காத பதவி, வாக்கு இறங்கிய பிறகு கிடைத்திருக்கிறது. அப்படியானால் தேர்தல் கணக்கைத் தாண்டி ஏதோ நடந்திருக்க வேண்டும். குடியரசுத் தலைவர் ஹின்டன்பெர்க், முன்னாள் பிரதமர் பாப்பன், இவர்களைச் சுற்றியிருந்த பழமைவாதிகள் எடுத்த முடிவுகளை நோக்கி நீங்கள் திரும்புவது இந்த இடத்தில்தான்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பும் உண்டு. 1932 ஜூலைக்குப் பிறகு நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்தால் நாடாளுமன்றத்தின் 608 இடங்களில் 319. குடியரசையே ஏற்காத கட்சிகளிடம் பெரும்பான்மை போய்விட்டது. அந்த நிலையை உருவாக்கியதே பொருளாதார நெருக்கடிதான், ஹின்டன்பெர்க்கிடம் நல்ல வழி எதுவும் மிச்சமில்லை என்று ஒருவர் வாதிடலாம். அதற்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? நாடாளுமன்றத்தைத் தாண்டி அவசரச் சட்டங்களால் ஆட்சி நடத்தும் பழக்கம் 1930-இலேயே, பிரதமர் ப்ரூனிங் காலத்தில் வேர்விட்டுவிட்டது என்று சொல்லலாம். அமெரிக்காவிலும் 1933-இல் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை, அங்கே அரசமைப்பு கவிழவில்லை என்று ஒப்பிட்டும் காட்டலாம்.

இவ்வளவையும் யோசித்த பிறகு ஒரு வாக்கியம் எழுத முடியும்: "நெருக்கடி குடியரசைச் செயலிழக்க வைத்தது, ஆனால் அந்த முடக்கம் சர்வாதிகாரமாக முடிந்ததற்கு, நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு ஆள விரும்பிய மேல்தட்டின் தேர்வுகளே காரணம்." இதை ஏற்காதவர்களும் இருப்பார்கள். யாராலும் மறுக்க முடியாத வாக்கியம் வாதமே ஆகாது. "பல காரணங்கள் இருந்தன" என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள், மார்க்கும் வராது.

பத்தியின் முதல் வாக்கியமும் இதோடு சேர்ந்தே மாறும். "1932 நவம்பரில் மீண்டும் தேர்தல் நடந்தது" என்று தொடங்கினால் அந்தப் பத்தி கதையாகத்தான் ஓடும். "நவம்பர் தேர்தலில் நாஜிகள் சரிந்தது, வாக்குப் பலம் மட்டுமே ஹிட்லரைப் பதவிக்குக் கொண்டுவரவில்லை என்பதைக் காட்டுகிறது" என்று தொடங்கிப் பாருங்கள். அதே தகவல்தான், ஆனால் இப்போது அது ஒரு வேலை செய்கிறது.

அரசியல் அறிவியலில் இதே நோய் வேறு உருவில் வரும். முதல் பாதி முழுக்கக் கோட்பாடு, இரண்டாம் பாதி முழுக்க நாடு, இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்ற முறை இருகட்சி அமைப்பில் கொண்டுபோய் விடும் என்றார் பிரெஞ்சு அறிஞர் டுவெர்ஜே. இதைச் சோதிக்கச் சொன்னால், பிரிட்டனின் 2015 தேர்தலை எடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்ன யுகிப் கட்சிக்கு 12.6 சதவீத வாக்கு, கிடைத்தது ஒரே ஓர் இடம். ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு நாடளவில் 4.7 சதவீதம், 56 இடங்கள். பரவலாகச் சிதறிய மூன்றாம் கட்சியை இந்த முறை நசுக்குகிறது, ஒரே பகுதியில் குவிந்த கட்சியைத் தூக்கிவிடுகிறது. ஆக, விதி தொகுதி அளவில் ஓரளவு நிற்கிறது, நாடளவில் வழுக்குகிறது. இந்தியாவும் கனடாவும் ஏன் அந்த விதிக்குள் அடங்கவில்லை என்று கேட்க இங்கிருந்து வழி பிறக்கும். உதாரணம் கோட்பாட்டைத் திருத்தும் இந்த இடத்தைத்தான் ஆசிரியர்கள் தேடுகிறார்கள்.

சரி, யாரிடம் போவது? முதலில் அந்தப் பாடத்தை நடத்துபவரிடம். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம், மாணவர் சந்திப்புக்கு அவர்கள் நேரம் ஒதுக்குவதே இதற்குத்தான். வெறுங்கையோடு போய் "என் கட்டுரை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "இன்னும் ஆழமாகப் போங்கள்" என்ற பதில்தான் கிடைக்கும். ஒரே தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: கேள்விக்கு உங்கள் ஒரு வரிப் பதில், அதைத் தாங்கும் மூன்று நான்கு காரணங்கள், அதை எதிர்ப்பவர் சொல்லக்கூடிய வலுவான மறுப்பு. "இந்த மறுப்புக்கு நான் வைத்திருக்கும் பதில் நிற்குமா?" என்று கேளுங்கள். பத்து நிமிடப் பேச்சில் ஒரு கட்டுரை திரும்பிவிடும். பழைய கட்டுரையையும் கூடவே எடுத்துப் போய், எந்தப் பத்தி விவரிப்பாகப் போய்விட்டது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து நூலகர். மாணவர்கள் இவரை மறந்தே போவதில் எனக்கு உண்மையான வருத்தம். வரலாறு, சமூக அறிவியலுக்கென்றே தனி நூலகரைப் பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. உங்கள் தலைப்பில் அறிஞர்கள் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், ஆய்விதழ்களில் வரும் நூல் மதிப்புரைகளைத் தேடித் தரச் சொல்லுங்கள். நாலு பக்கத்தில் ஒரு பெரிய புத்தகத்தின் வாதமும் அதன் ஓட்டையும் கிடைத்துவிடும். முதன்மை ஆதாரங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. யேல் சட்டக் கல்லூரியின் அவலான் திட்டத்தில் வெர்சாய் ஒப்பந்தம் போன்ற மூல ஆவணங்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களுக்கு ஹன்சார்ட், அமெரிக்க வெளியுறவு ஆவணங்களுக்கு அந்நாட்டு வெளியுறவுத் துறையே வெளியிடும் தொகுதிகள். அவற்றிலிருந்து ஒரு பத்தியை நீங்களே படித்து, நீங்களே பொருள் சொன்னால் கட்டுரையின் தரமே மாறிவிடும்.

எழுத்துப் பயிற்சி மையம் இருந்தால் அங்கேயும் போகலாம். அங்கே இருப்பவருக்கு வைமர் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், அது நல்லதுதான். தெரியாதவருக்குப் புரிகிறதா என்பதே உங்களுக்கு வேண்டிய சோதனை. நண்பர்களோடு உட்கார்ந்து விவாதியுங்கள், எதிர்த்து வாதிடச் சொல்லுங்கள். ஆனால் ட்ராஃப்ட் ஃபைலைக் கைமாற்றாதீர்கள். இரண்டு கட்டுரைகள் ஒரே மாதிரி வந்தால், எது மூலம் எது நகல் என்று பார்க்காமல் இருவரையும் விசாரிப்பதுதான் வழக்கம்.

காசு கொடுத்து டியூட்டர் வைப்பது பொதுவாகத் தப்பில்லை. ஆளைப் பார்த்து வைக்க வேண்டும். நல்ல டியூட்டர் உங்களைக் கேள்வி கேட்டுத் துளைப்பார், உங்கள் வாக்கியத்தின் கீழே கோடு போட்டு "இதற்கு ஆதாரம் எங்கே?" என்பார். உங்களுக்குப் பதிலாக வாக்கியம் அமைத்துத் தர ஆரம்பிக்கும் டியூட்டரை அன்றோடு நிறுத்திவிடலாம். நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும், அவரிடம் நீங்கள் எதையும் கற்கப் போவதில்லை.

எழுதித் தரும் விளம்பரங்கள் பக்கமே போகாதீர்கள். ஆஸ்திரேலியா 2020-இலும், இங்கிலாந்து 2022-இலும் இப்படிக் கட்டுரை விற்பதையும் விளம்பரம் செய்வதையும் சட்டப்படி குற்றமாக்கின. சட்டம் குறிவைப்பது விற்பவரை, ஆனால் பல்கலைக்கழகம் தண்டிப்பது வாங்கியவரை. பட்டம் பறிபோகும் அளவுக்கு அது போகலாம். இதைவிடக் கொடுமை, கட்டுரை வாங்கிய மாணவரிடமே "பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவோம்" என்று பிற்பாடு மிரட்டிப் பணம் பறிப்பது. உங்கள் பெயரும் கல்லூரி விவரமும் அவர்கள் கையில் இருக்கும்.

ஏஐ விஷயத்தில் பொது விதி கிடையாது. ஒரே துறையில் ஒரு பாடத்தில் அனுமதி இருக்கும், பக்கத்துப் பாடத்தில் தடை இருக்கும். பாடக் குறிப்பில் தெளிவாக இல்லையென்றால் ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். அனுமதி இருந்தாலும் அதை எழுத விடாதீர்கள், எதிர்க்க விடுங்கள். "என் வாதம் இது, இதை மூன்று விதமாக உடைத்துக் காட்டு" என்று கேட்டால் பயன் உண்டு. வரலாற்றில் அதன் பெரிய ஆபத்து மேற்கோள்கள். இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண்ணோடு அடிக்குறிப்பு தரும். இருக்கும் அறிஞர் சொல்லாததைச் சொன்னதாக எழுதும். நூலை நீங்களே திறந்து அந்தப் பக்கத்தைப் பார்க்காத வரை ஒரு அடிக்குறிப்பையும் போடாதீர்கள்.

எதுவரை தப்பில்லை என்று கேட்டீர்கள். எழுதிய விதிகளை முதலில் படியுங்கள், அது கட்டாயம். அதற்கு மேல் ஒரு சோதனை உண்டு: கட்டுரையை மூடி வைத்துவிட்டு, ஆசிரியர் எந்தப் பத்தியைக் காட்டி "ஏன் இப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டாலும் உங்களால் வாயால் விளக்க முடிய வேண்டும். முடிந்தால் உதவி உங்களை வளர்த்திருக்கிறது. முடியாத பத்தி யாருடையதோ. சந்தேகம் வந்தால் பல இடங்களில் மாணவரைக் கூப்பிட்டு இப்படித்தான் நேரில் கேட்கிறார்கள். அதனால் கைக்குறிப்புகளையும் பழைய ட்ராஃப்ட்களையும் அழிக்காமல் வையுங்கள்.

இன்று செய்ய வேண்டியது சின்ன வேலைதான். "அடுத்த கட்டுரைக்கு இந்தக் கேள்வியை எடுக்கிறேன். என் பதில் சுருக்கமாக இது. இதற்கான முக்கிய மறுப்பு இது என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் பதினைந்து நிமிடம் பேச முடியுமா?" என்று ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தச் சந்திப்புக்கு முன்னால், திரும்பி வந்த கட்டுரைகளை எடுத்து ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாகத் தனித்தாளில் எழுதிப் பாருங்கள். அவை ஒரு நிகழ்ச்சி நிரல் போல வாசிக்கப்பட்டால், ஆசிரியர் எதைச் சொல்கிறார் என்று அவரைக் கேட்காமலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.