மாடிக்கு எட்டாத வைஃபை: 2,500 ரூபாய்க்குள் எந்த ரவுட்டர்?

கேள்வி: எங்கள் வீடு கும்பகோணத்தில், கீழும் மேலுமாக இரண்டு தளம். 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறோம். கம்பெனி கொடுத்த மோடம் கீழே ஹாலில், டிவி ஸ்டாண்டுக்குள் இருக்கிறது. மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மகனுக்கு வீடியோ கால் நின்று நின்று வருகிறது. கடையில் நாலு ஆன்டெனா வைத்த டூயல் பேண்ட் ரவுட்டரை 1,500 ரூபாய் என்று காட்டி, 1200 ஸ்பீடு வரும் என்கிறார்கள். வாங்கலாமா? 2,500 வரை செலவழிக்க முடியும்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த ரவுட்டரை இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் 200 எம்பிபிஎஸ் இணைப்பை அது பாதியாகக் குறைத்துவிட வாய்ப்பு அதிகம். இந்த விலையில் வரும் பல டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் இயங்கும்) ரவுட்டர்களில் கேபிள் சொருகும் போர்ட் 100 எம்பிபிஎஸ் வரைதான் தாங்கும். உள்ளே வருவதே நூறுக்குள் என்றால், வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. மாதாமாதம் 200-க்குப் பணம் கட்டிவிட்டு, பாதியைத்தான் அனுபவிப்பீர்கள்.

கடைக்காரர் சொல்லும் 1200 ஒரு கூட்டல் கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் சேர்த்து வரும் 1167-ஐ முழு எண்ணாக்கி ஏசி1200 என்று பெட்டியில் போடுகிறார்கள். ஆனால் உங்கள் மகனின் லேப்டாப் ஒரு நேரத்தில் இதில் ஏதாவது ஒன்றில்தான் இணைந்திருக்கும். அதிலும் அந்த 867 என்பது ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தால் வரும் உச்சக் கணக்கு. உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய அதில் பாதி. அதுவே உங்கள் பிளானுக்குத் தாராளம். எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "போர்ட் எல்லாம் கிகாபிட்டா?" என்பதுதான். பெட்டியில் 10/100/1000 என்று இருந்தால் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வரை தாங்கும். 10/100 என்று மட்டும் இருந்தால் வேண்டாம். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டுமே ஏசி1200 ரகம்தான். முன்னதில் 100 போர்ட், பின்னதில் கிகாபிட் போர்ட். சில நூறு ரூபாய் கூடப் போனாலும் இரண்டாவது வகைதான் உங்களுக்குச் சரி. உங்கள் பட்ஜெட்டில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் நல்ல ரவுட்டரே வாங்கினாலும், அதைக் கீழே மோடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மகனின் அறையில் பெரிய மாற்றம் தெரியாது. நடுவில் இருப்பது கம்பி கட்டிய கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கான்கிரீட்டைக் கடக்கும்போது மிகவும் சோர்ந்துவிடும். 2.4 ஓரளவு ஊடுருவும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் அதில்தான் நெருக்கியடிக்கின்றன. மொத்தமே 1, 6, 11 என்று ஒன்றோடொன்று உரசாத மூன்று சேனல்கள்தான் அங்கே உண்டு. ஆன்டெனா நான்கா ஆறா என்பதை வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஒரு ரவுட்டர் எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம் என்பதற்கு அரசு விதித்த உச்சவரம்பு இருக்கிறது.

அதனால் பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மோடம் இருக்கும் ஹாலிலேயே நின்று போனில் ஸ்பீடு டெஸ்ட் பாருங்கள். 200-க்குப் பக்கத்தில் வந்தால் இணைப்பும் மோடமும் நன்றாக இருக்கின்றன, தூரம்தான் பிரச்சினை. 40, 50 என்று நின்றால் போன் 2.4-ல் இணைந்திருக்கலாம், இல்லையென்றால் மோடமே ஒற்றை பேண்டாக (2.4 மட்டும்) இருக்கலாம். ஒற்றை பேண்ட் என்றால் கம்பெனியைக் கூப்பிட்டு டூயல் பேண்ட் மோடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்து, மோடத்தை டிவி ஸ்டாண்டுக்குள்ளிருந்து வெளியே எடுங்கள். மாடிப்படி தெரியும் இடத்தில், ஆள் உயரத்தில் வையுங்கள். அலை மேலே போக அந்தப் படிக்கட்டுத் திறப்புதான் நல்ல வழி. சில வீடுகளில் இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால், ரவுட்டரை மாடியில் வைக்க வேண்டும். கீழே மோடத்தின் லேன் (வீட்டுக்குள் கேபிள் கொடுக்கும்) போர்ட்டிலிருந்து மாடி வரை ஒரே ஒரு கேபிள் இழுத்து, அதன் முனையில் ரவுட்டரை மாட்டுங்கள். (ஃபைபர் வயரை நேரடியாக இந்த ரவுட்டரில் சொருக முடியாது. அதனால் கீழே மோடம் இருந்தே ஆக வேண்டும்.) இதற்கு ஈடான வழி உங்கள் பட்ஜெட்டில் வேறில்லை என்று நம்புகிறேன். வைஃபையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் மலிவுதான். ஆனால் வாங்குவதும் அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் நடந்தால் வேகம் பாதியாகும். வீடியோ காலுக்கு அது போதாமல் போகலாம்.

கேபிள் கேட்-5ஈ அல்லது கேட்-6 ஆக இருக்கட்டும். உள்ளே இருப்பது சுத்தமான செம்பா, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதா என்று கேட்டு, சுத்தமான செம்பையே வாங்குங்கள். முனையில் கிளிப் மாட்டும்போது எட்டு வயரையும் மாட்டச் சொல்லுங்கள். நான்கு வயர் மட்டும் மாட்டினாலும் நெட் வரும், ஆனால் 100-க்கு மேல் ஏறாது. கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் விட வேண்டாம். வெளிச்சுவர் வழியாகப் போனால் வெயில் படாதபடி தனி பைப் போடுங்கள்.

மாட்டியதும் ரவுட்டரின் செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் மோடை (கீழே உள்ள மோடத்தின் நெட்வொர்க்கையே மேலே பரப்பும் முறை) தேர்வு செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் வீட்டில் இரண்டு தனித்தனி நெட்வொர்க் உருவாகி, மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே இருக்கும் டிவியோ பிரிண்டரோ தெரியாமல் போகும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளவையே இருக்கட்டும். படியேறும்போது போன் பெரும்பாலும் தானாக மாறிக்கொள்ளும். அட்மின் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள், பாஸ்வேர்டு போடாமல் பட்டன் அல்லது பின் எண் மூலம் இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்.

ஏசி ரகத்துக்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6 (பெட்டியில் ஏஎக்ஸ் என்று இருக்கும்) வேண்டுமா என்றும் கடையில் கேட்பார்கள். ஏஎக்ஸ்1500 என்று போட்ட ரவுட்டர் உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்து, போர்ட்டும் கிகாபிட்டாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஒரே நேரத்தில் நிறைய கருவிகள் இணையும் வீட்டில் அது கைகொடுக்கும். அதற்காகக் கேபிள் செலவை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

அப்புறம், மின்வெட்டு. ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்குவதாக இருந்தால், கீழே இருக்கும் மோடத்துக்கும் ஒன்று வேண்டும். அது அணைந்தால் மேலே ரவுட்டர் எரிந்துகொண்டிருந்தும் நெட் வராது. வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களிலும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பரவலாக இருந்தாலும், விலை குறைந்த ரவுட்டர்கள் சில 9 வோல்ட்டில் ஓடுகின்றன.