ஏழாம் வாய்பாடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகள் தரம் நான்கில் படிக்கிறாள். ஐந்தாம் வாய்பாடு வரை தடங்கல் இல்லாமல் சொல்லுவாள். ஏழுக்கு வந்தால் நின்றுவிடுவாள். ரியூசனில் நேரம் பார்த்துக் கேட்கிறார்கள், அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வருகிறாள். விடிய எழும்பிப் பத்துத் தரம் வாய்விட்டுச் சொன்னால் தானாக வரும் என்கிறார் என் மாமா. எண்களின் ஒழுங்கை வைத்து வாய்பாடு பழக்கும் காணொளிகளை நான் யூடியூப்பில் பார்த்தேன். விரல் மடித்து ஒன்பதாம் வாய்பாடு சொல்லக் காட்டிக் கொடுத்தேன், பிள்ளைக்குச் சரியான சந்தோசம். மாமா மட்டும் "இது குறுக்கு வழி, பிறகு கணக்கே வராது" என்கிறார். நான் எதைச் செய்வது?

ஒரு தாய், சுன்னாகம்

அன்புள்ள சகோதரி,

உங்கள் மாமா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். வாய்விட்டுச் சொல்வது தேவைதான். பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எண்சுவடியை ஓசையோடு சொல்லித்தான் படித்தார்கள். முழு எண்களோடு அது நிற்கவில்லை. அரை, கால், மா, காணி என்று பின்னங்களுக்கும் வாய்பாடு இருந்தது. மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒரு பங்கு. அவ்வளவையும் காதால் கேட்டு வாயால் சொல்லி மனதில் வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் ஓசையை மட்டும் நம்பிய பிள்ளைக்கு நடுவில் ஒரு வரி மறந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. "ஏழெட்டு?" என்று திடீரெனக் கேட்டால் "ஓரேழு ஏழு" என்று முதலில் இருந்து தொடங்க வேண்டும். நேரம் பார்த்துக்கொண்டு ஒருவர் முன்னால் நிற்கும்போது அதுவும் வராது. உங்கள் மகள் ஏழில் நிற்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

விரல் மடிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விடை சரியாகத்தான் வரும். ஏன் வருகிறது என்று தெரியாமல் செய்தால், பாடமாக்க வேண்டிய விசயங்களில் இன்னும் ஒன்று கூடியது, அவ்வளவுதான். அதனால் விரலைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். 09, 18, 27, 36 என்று 90 வரைக்கும் கொப்பியில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிந்ததும் "இதில் என்ன தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். இந்தப் பேசாமல் இருப்பதுதான் எங்களுக்கு, பெரியவர்களுக்கு, கஷ்டம். இடப்பக்கம் ஒவ்வொன்றாகக் கூடுகிறது, வலப்பக்கம் ஒவ்வொன்றாகக் குறைகிறது என்று பிள்ளையே சொல்லும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது என்பதை இன்னும் கொஞ்சம் பிந்திக் கண்டுபிடிக்கும். ஏன் அப்படி என்று அதற்குப் பிறகு கேளுங்கள். ஒன்பது என்பது பத்துக்கு ஒன்று குறைவு. ஏழு ஒன்பதுகள் என்றால் ஏழு பத்துகளில் ஏழைக் கழித்தது: 70இல் 7 போனால் 63. இது விளங்கிய பிள்ளைக்கு விரல் தேவைப்படாது. 99ஆல் பெருக்குகிற நாளிலும் இதே வழி உதவும்.

இனி ஏழுக்கு வருவோம். முதலில் பிள்ளையின் பயத்தைக் குறைக்க வேண்டும். ஒன்று முதல் பத்து வரையான வாய்பாட்டை ஒரே கட்டத்தில் எழுதினால் 100 விடைகள். பார்க்கவே பயமாக இருக்கும். புளியங்கொட்டையை மூன்று வரிசையாக, வரிசைக்கு ஏழு வைத்துக் காட்டுங்கள். பிள்ளையை எழுப்பி மற்றப் பக்கத்தில் வந்து இருந்து பார்க்கச் சொல்லுங்கள். இப்போது அது ஏழு வரிசை, வரிசைக்கு மூன்று. கொட்டை ஒன்றும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த ஒன்றிலேயே 100 விடைகள் 55 ஆகிவிடும். அவளுக்கு ஐந்து வரை தெரியும் என்கிறீர்கள், பத்து எல்லோருக்கும் தெரியும். ஒன்பதை மேலே பார்த்துவிட்டோம். எட்டு என்பது நான்கின் இரட்டிப்பு. அப்படிப் பார்த்தால் அவளுக்குப் புதிதாக மிஞ்சுவது மூன்றுதான்: ஆறாறு 36, ஆறேழு 42, ஏழேழு 49. கட்டத்தில் தெரிந்ததை எல்லாம் நிறம் தீட்டச் சொல்லி, வெள்ளையாக மிஞ்சுவதைக் காட்டுங்கள்.

அழ வைக்கிற அந்த ஏழெட்டையும் இரட்டித்தே பிடிக்கலாம். 7, 14, 28, 56. மூன்று முறை இரட்டித்தால் எட்டு மடங்கு. ஏழேழு 49 நன்றாகப் பதிந்த பிள்ளைக்கு இன்னொன்றும் காட்டலாம்: ஆறெட்டு 48, ஒன்று குறைவு. ஐயைந்து 25, நாலாறு 24. எட்டெட்டு 64, ஏழொன்பது 63. எல்லா இடத்திலும் இப்படியா என்று அவளையே சோதித்துப் பார்க்க விடுங்கள். பிற்காலத்தில் அட்சர கணிதத்தில் இதே விசயத்தை அவள் வேறு உருவில் சந்திப்பாள்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி இலக்கங்களின் ஒழுங்கு. ஏழாம் வாய்பாட்டின் கடைசி இலக்கங்களை மட்டும் எழுதுங்கள்: 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0. பத்து இலக்கமும் ஒருமுறை வந்துவிட்டது. இப்போது கைபேசியில் எண்களை அழுத்தும் பலகையைப் பாருங்கள். இடது ஓரத்தில் கீழிருந்து மேலே 7, 4, 1. நடுவில் 8, 5, 2. வலது ஓரத்தில் 9, 6, 3. ஏழாம் வாய்பாடு அங்கேயே வரிசையாக நிற்கிறது. மூன்றாம் வாய்பாட்டை எடுத்தால் 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7. அதே பாதை, எதிர்த் திசை. காரணம் எளிது. ஏழைக் கூட்டுவது என்றால் பத்தைக் கூட்டி மூன்றைக் கழிப்பதுதான். பத்தைக் கூட்டினால் கடைசி இலக்கம் மாறாது, அதனால் அது ஒவ்வொரு முறையும் மூன்று பின்னால் போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்திலோ விறாந்தையிலோ சோக்கட்டியால் ஒரு பெரிய வட்டம் கீறி, அதைச் சுற்றி 0 முதல் 9 வரை பத்துப் புள்ளிகளைச் சம தூரத்தில் வையுங்கள். பூச்சியத்தில் தொடங்கி, கடைசி இலக்கங்களின் வரிசையில் கோடு இழுக்கட்டும். மூன்றாம் வாய்பாடு பத்து முனை நட்சத்திரம் தரும், ஏழாம் வாய்பாடும் அதையே தரும். நான்கும் ஆறும் ஐந்து முனை நட்சத்திரம். இரண்டும் எட்டும் ஐங்கோணம். ஐந்து மட்டும் ஒரே கோட்டில் போய்த் திரும்பும். வாசலில் கோலம் போட்டுப் பழகிய பிள்ளை இதை விடாது. கூட்டினால் பத்து வரும் சோடிகள்தான் ஒரே வடிவத்தைத் தருகின்றன என்பதை அவள் சொல்லும் வரை நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.

கடைசி இலக்கம் முழு விடையைத் தராது என்பதும் உண்மை. ஆனால் பிழையைக் காட்டிக் கொடுக்கும். ஏழெட்டு 54 என்று வாய் தவறினால், எட்டாவது இடத்தில் 6 அல்லவா வர வேண்டும் என்று பிள்ளை தானே நின்று யோசிக்கும். இதைக் குறுக்கு வழி என்று சொல்வது நியாயம் இல்லை.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு மாமாவிடம் பிள்ளையைக் கொடுங்கள். விடியக் காலையில் அவருக்குப் பக்கத்தில் இருந்து சொல்லட்டும், வேகம் அப்போதுதான் வரும். பத்துத் தரம் வேண்டாம், இரண்டு தரம் போதும். அப்புறம் அவர் வரிசை மாற்றிக் கேட்கட்டும்.

ரியூசன் விசயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். விடை தெரியாத பிள்ளைக்கு நேரம் வைப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. தெரிந்ததை விரைவாக்கத்தான் நேரம் உதவும். படிப்பிப்பவரிடம் நேரில் போய், இரண்டு மாதத்துக்கு இவளிடம் மட்டும் நேரம் பார்க்காமல் கேளுங்கள் என்று சொல்லுங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அவர் மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.