காமெடிப் படத்துக்கு எதற்கு இத்தனை பேர்? போகணி தள்ளியவனின் பதில்

"ஒரு காமெடிப் படத்துக்கு எதற்கு இத்தனை பேர்? காமெடியன் நல்லா நடித்தால் போதாதா? கடைசியில் ஐந்து நிமிஷம் வெறும் பெயராக ஓடுகிறதே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெயர்கள் ஓடும்போது நீங்கள் தியேட்டர் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குற்றம் சொல்லவில்லை. 2013 வரைக்கும் நானும் வண்டியை முதலில் எடுக்க ஓடுகிற ஆள்தான்.

எத்தனை பேர் என்று கேட்டதால் எனக்குத் தெரிந்த ஒரே கணக்கைச் சொல்கிறேன். முதல் நாள் மதியம் 118 இலை. செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் ஒரு காமெடிப் படத்துக்கு 12 நாள் ஷூட்டிங் நடந்தது. வீட்டுக்காரர்கள் சார்பில் கூட இருந்து பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. எதை எண்ணினால் ஏமாற மாட்டோம் என்று யோசித்து இலையை எண்ணினேன். 118 பேரில் முகத்தைப் பார்த்து எனக்கு அடையாளம் தெரிந்தவர்கள் 4 பேர்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் சினிமாக்காரன் இல்லை. "12 நாள் வேடிக்கை பார்த்துவிட்டுப் பாடம் எடுக்க வந்துட்டான்" என்று கமெண்டில் எழுதப்போகிறவர்கள் எழுதிக்கொள்ளலாம். வேடிக்கை பார்த்தவன்தான். ஆனால் அந்தப் படத்தில் தியேட்டரே சிரித்த ஒரு இடத்தில் என் கை இருக்கிறது. விரல் கூடத் திரையில் தெரியாது, அது வேறு விஷயம்.

"பாரம்பரிய வீட்டைப் போய் ஷூட்டிங்குக்கு விடுவதா" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் 11 பங்கு. ஓடு ஒழுகுகிறது, ஆளுக்கு இவ்வளவு போடலாம் என்று பங்காளிகள் குரூப்பில் எழுதினால் கைகூப்புகிற பொம்மை மட்டும் வரும். ஷூட்டிங் வாடகை வந்திருக்கிறது என்று எழுதிய அன்று பத்து நிமிஷத்தில் 9 வங்கிக் கணக்கு எண் வந்தது. அதில் ஒருவர் பத்து வருஷமாகப் படையலுக்குக்கூட வராதவர். மேலே சொல்ல ஆரம்பித்தால் பதில் வேறெங்கோ போய்விடும்.

காட்சி இதுதான். கல்யாண வீடு. மாப்பிள்ளை நடு ராத்திரியில் பலகாரம் திருட மாடியிலிருந்து பூனை மாதிரி இறங்குகிறார். இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாவது முற்றத்தில், சீர் சாமான்கள் அடுக்கியிருக்கின்றன. ஆத்தங்குடித் தரைக்கல்லில் கால் வழுக்கி அதன் மேல் விழுகிறார். தட்டு, தாம்பாளம், தூக்குச்சட்டி எல்லாம் சரிகின்றன. அப்புறம் அமைதி. அப்பாடா என்று அவர் மூச்சு விடும்போது பரணிலிருந்து கடைசியாக ஒரே ஒரு பித்தளைப் போகணி (வாய் அகன்ற பாத்திரம்), டணார்.

எழுதிவிட்டால் நாலு வரி. எடுக்க இரண்டு ராத்திரி ஆனது.

போகணியில் தூண்டில் நரம்பைக் கட்டி இழுப்பது ஆர்ட் டிபார்ட்மெண்ட் உதவியாளர் வேலை. அந்தத் தம்பி சாயங்காலம் எங்கள் வீட்டுக் கந்தரப்பம் என்கிற இனிப்புப் பலகாரத்தில் எட்டோ ஒன்பதோ தின்றுவிட்டுக் கொல்லைப்பக்கமே கதியாகக் கிடந்தார். "அண்ணே, நீங்க சும்மாதானே நிக்கிறீங்க" என்று நரம்பை என் கையில் கொடுத்துவிட்டார்கள். மாடிப்படித் திருப்பத்தில் இருட்டில் குந்தியிருந்து, எல்லாம் விழுந்ததும் மனசுக்குள் மூன்று எண்ணி இழுக்க வேண்டும்.

முதல் டேக்கில் இரண்டிலேயே இழுத்துவிட்டேன். அடுத்ததில் நடிகர் முந்தி மூச்சு விட்டார். மூன்றாவது டேக்கில் எல்லாமே சரியாக வந்தது, ஆனால் மேலே சாரத்தில் உட்கார்ந்திருந்த லைட்மேன் 'களுக்'கென்று சிரித்துவிட்டார். சிரித்தால் என்ன என்றுதான் நானும் நினைத்தேன். ஆள் குலுங்கினால் லைட்டும் குலுங்கும், எதிர்ச் சுவரில் நிழல் ஆடும். அப்போது பதிவாகிற சத்தத்தை வைத்துத்தான் பின்னால் டப்பிங் பேச வேண்டும், அதில் நடிகரின் முனகலுக்கு மேல் இந்தச் சிரிப்பு உட்கார்ந்துகொள்ளும். அதனால் காமெடி சீன் எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்பதுதான் யூனிட்டுக்கு முதல் சட்டம். அந்த லைட்மேன் அடுத்த டேக்கிலிருந்து வாயில் துண்டை வைத்துக் கட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு டேக் முடிந்ததும் நாற்பது சாமானையும் பழையபடியே அடுக்க வேண்டும். எந்தத் தாம்பாளத்தின் மேல் எந்தச் சட்டி என்று போட்டோ வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றார். உதவி இயக்குநர், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசிருக்கும். நடிகரின் வேட்டிக் கரை எந்தப் பக்கம் இருந்தது, கால் செருப்பு எங்கே கழன்றது எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். காஸ்ட்யூமர் ஒரே மாதிரி ஆறு வேட்டி வைத்திருந்தார், விழுந்து விழுந்து கசங்குமே. மேக்கப்காரர் ஓடி வந்து வேர்வையைத் துடைப்பார், அப்புறம் அவரே வேண்டிய இடத்தில் மட்டும் தண்ணீரைத் தெளித்து வேர்வை வைப்பார். கேமராவை வைத்து டிராலி தள்ளுபவர் வேறு, ஃபோகஸ் பார்ப்பவர் வேறு. வெளியே ஜெனரேட்டர் வண்டியோடு இரண்டு பேர். புரொடக்ஷன் பையன்கள் ராத்திரி இரண்டு மணிக்கும் டீயும் சுண்டலுமாகச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அவர்கள் வரவில்லையென்றால் மற்ற எல்லோரும் நின்றுவிடுவார்கள், அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒன்பதாவது டேக்குக்கு மேல் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. துண்டு கட்டிய லைட்மேன் கொட்டாவி விட்டார். இயக்குநர் முகம் செத்துவிட்டது. அது எப்பேர்ப்பட்ட அவஸ்தை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சோகக் காட்சியில் பத்துத் தடவை அழுதாலும் அழுகை அழுகைதான். சிரிப்பு அப்படியில்லை, நாலாவது தடவையே புளித்துவிடும். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எடுப்பவருக்கே தெரியாது.

அப்போதுதான் அப்பத்தா. அவுகளுக்கு அப்போது 84 வயசு, ராத்திரித் தூக்கம் கிடையாது. பட்டாலையில், அதாவது கூடத்தில், மானிட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாக. எல்லோரும் "ஆச்சி, ஆச்சி" என்று மரியாதையாக இருந்தார்கள். அவுக கேட்டாக: "ஏந்தம்பி, விழுந்தவன் மூஞ்சியவே ஏன் பாத்துக்கிட்டிருக்கீக? உள்ளே மாமியா படுத்திருக்கா, அவ முழிச்சுருவாளோன்னுதானே இவனுக்குப் பயம்? அந்தக் கதவை ஒருக்கா பாருங்களேன்."

இயக்குநர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேமராவைத் திருப்பச் சொன்னார்.

கேமராவைத் திருப்புவது உங்களுக்கும் எனக்கும் போனைத் திருப்புகிற மாதிரி என்று நினைப்பு. இந்தப் பக்கம் லைட்டெல்லாம் அந்தப் பக்கம் போக வேண்டும். கதவுக்குப் பின்னால் இருட்டாக இருக்கிறது, அங்கே ஒரு விளக்கு. பர்மா தேக்குக் கதவில் வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது, அதை மறைக்கக் கறுப்புத் துணி. இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. கால்ஷீட் கணக்கு ஏறுகிறது என்று மேனேஜர் முகப்பில் நடந்துகொண்டே இருந்தார். மறுநாள் ராத்திரியும் தொடர்ந்து, மொத்தம் 14வது டேக்கில் ஓகே ஆனது. அந்தப் பதினாலிலும் நரம்பு என் கையில்தான். அந்தத் தம்பிக்கு வயிறு சரியான பிறகும் நான் தரவில்லை.

படம் வந்தபோது காரைக்குடியில் குடும்பத்தோடு போனோம். விழுகிறார், சாமான்கள் சரிகின்றன, கதவைக் காட்டுகிறார்கள். கதவு சும்மா இருக்கிறது. தியேட்டர் அங்கேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டது, போகணி இன்னும் விழவே இல்லை! நான் எண்ணிய மூன்று, படத்தில் ஐந்தாகியிருந்தது. எடிட்டர் இழுத்திருக்கிறார். சிரிப்பு ஒரு சுற்று வந்து அடங்குகிற சமயம் பார்த்து டணார். அடுத்த வசனம் காதில் விழ வேண்டுமே என்று அதற்குப் பின்னாலும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். இசையமைப்பாளர் அந்த இடத்தில் எதுவுமே வாசிக்கவில்லை. அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். அந்த டணார் எங்கள் போகணியே இல்லை. எங்கள் போகணி விழுந்தால் 'டொங்' என்று ஒரு அடைத்த சத்தம்தான் வரும், கனம் அப்படி. சென்னையில் எஃபெக்ட்ஸ் செய்பவர் வேறு எதையோ போட்டுச் சத்தம் எடுத்திருக்கிறார். நாற்பது வருஷம் அந்தப் போகணியில் பால் காய்ச்சிய அப்பத்தா தியேட்டரிலேயே கண்டுபிடித்துவிட்டாக. "இது நம்ம போகணி இல்லையேடா."

ஆக, அந்த ஒரு சிரிப்புக்கு யார் சொந்தக்காரர்? விமர்சனத்தில் எல்லாம் நடிகர் பெயர்தான். அவர் 14 தடவை விழுந்தவர், முழங்கையில் ரத்தம் கட்டியதை நான் பார்த்தேன், அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் காமெடியன் மட்டும் போதும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற காட்சி. நாகேஷ் நாகேஷ் என்கிறோம். நடுங்கிக்கொண்டு கேட்கிற பாலையா முகத்தை எடுத்துவிட்டால் அங்கே பாதி காலி. இயக்குநர் ஸ்ரீதரோடு உட்கார்ந்து அதை எழுதிய சித்ராலயா கோபு, இரண்டு பேரையும் கேமராவில் அப்படிப் பிடித்த ஒளிப்பதிவாளர் வின்சென்ட் பெயரெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டு எழுதிய எங்கள் சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசனைத் தெரியும், அவரைத் தெரியாமல் இருக்க முடியாது. 'கரகாட்டக்காரன்' வாழைப்பழத்துக்குக் கவுண்டமணி, செந்தில் என்று தமிழ்நாடே சொல்லும். எழுதியது ஏ. வீரப்பன் என்று எங்கள் வீட்டில் சொன்னேன், காட்டிலிருந்தவரா என்று கேட்டார்கள்.

ஊர்ப் பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். 1941 காமெடிப் படம் 'சபாபதி'யை ஏ.டி. கிருஷ்ணசாமியோடு சேர்ந்து இயக்கிய ஏவி.எம். மெய்யப்ப செட்டியார் காரைக்குடிக்காரர். பிறகு தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோவே நடத்தினார், 1947 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். வேடிக்கை பார்க்க என் ஐயா சைக்கிளில் போயிருக்கிறாக. வேடிக்கை பார்ப்பது எங்களுக்குப் பரம்பரைத் தொழில்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடக்கிறது. அதே படத்தில் பந்தி சீன் ஒன்று உண்டு. இலையின் நுனியை வலது பக்கம் போட்டிருந்தார்கள். சொன்னேன், "யாரும் கவனிக்க மாட்டாங்க சார்" என்றார்கள். அப்புறம் நடுவில் செக்கச்செவேல் என்று ஒரு குழம்பு. என்ன என்று கேட்டால் "செட்டிநாடுன்னா காரம்தானே சார்". கல்யாண வீட்டுப் பந்தியில் அப்படி ஒரு குழம்பை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. எங்கள் வீட்டுச் சமையலில் மிளகு உண்டு, சோம்பு உண்டு, பதம் உண்டு. நாக்கைப் பொசுக்குவதற்குப் பெயர் செட்டிநாடு இல்லை. நெடுஞ்சாலையில் சிவப்புப் பொடியைக் கொட்டி எங்கள் ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது இங்கே வந்து ஒரு வெள்ளைப் பணியாரம் தின்றுவிட்டுப் போகட்டும். சரி, விடுங்கள்.

கடைசியில் ஓடுகிற பெயர்களில் என் பெயர் இல்லை. "நன்றி" என்று ஒரு அட்டை, அதில் "காரைக்குடி பொதுமக்கள்". பொதுமக்களில் நானும் ஒருவன்தானே என்று என் மனைவி சமாதானம் சொன்னாள். கந்தரப்பம் தின்று படுத்த தம்பியின் பெயர் இருந்தது, அது நியாயம், மற்ற 11 நாளும் அவர்தானே உழைத்தார். வேட்டிக் கரை பார்த்த பெண்ணின் பெயரைத் தேடினேன். உதவி இயக்குநர்கள் ஏழு பெயரும் ஒரே அட்டையில் வந்து ஒரு நொடியில் போய்விட்டன. பிறகு டிவியில் போட்டபோது நிறுத்திப் பார்த்துத்தான் படித்தேன்.

அப்பத்தா 2017ல் தவறிவிட்டாக. போகணி இன்னும் இருக்கிறது. 14 தடவை விழுந்ததில் ஒரு பக்கம் சொட்டை. போன மாசம் ஈயம் பூச வந்தவர் "இதைத் தட்டி எடுத்துரவா? இருநூறு ரூவா கூட ஆகும்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருநூறு ரூபாயை மிச்சம் பிடித்தேன் என்றுதான் பங்காளிகள் குரூப்பில் எழுதியிருக்கிறேன்.