முட்டி வலியும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவும்

உங்கள் கடிதத்தில் முதல் கேள்வியே ஸ்போர்ட்ஸ் கோட்டா பற்றித்தான். கூடைப்பந்து ஆடும் பையனின் முட்டி வலி கடைசி வரியில் வருகிறது. நான் அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன் அம்மா.

மாடிப்படியில் பக்கவாட்டில் கால் வைத்து இறங்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டிச்சில்லுக்கு இரண்டு விரல் கீழே புடைப்பு இருக்கிறதா, அங்கே அழுத்தினால் துள்ளுகிறானா என்று இன்றைக்கே பாருங்கள். மளமளவென்று வளரும் வயதில் எலும்பின் அந்த இடம் இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. குதிக்கும்போதெல்லாம் தொடைத் தசை அதைத்தான் பிடித்து இழுக்கும். பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகிவிடும். ஆனாலும் எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஸ்ப்ரே அடித்து கோர்ட்டில் இறக்கிவிடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

"மேட்ச் 40 நிமிஷம்தானே?" என்கிறீர்கள். துனிசியாவின் 19 வயதுக்குட்பட்ட கூடைப்பந்து வீரர்களைப் பற்றி 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டத்தின்போது சராசரி இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 171. ஓட்டம், சடாரென்று நிற்பது, குதிப்பது, பக்கவாட்டில் நகர்வது என்று ஒரே மேட்சில் ஆயிரம் அசைவுகளுக்கு மேல். உங்கள் பையனுக்கு 14 வயது. ஆடுவதோ சிமெண்ட் தரையில், சனி ஞாயிறு இரண்டு நாளும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

சரி, கோட்டாவுக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் உண்டு. ரயில்வேயும் சில வங்கிகளும் அணி வைத்து ஆள் எடுக்கின்றன. ஆனால் அங்கே எடுபடுவது தேசிய அளவில், பல்கலைக்கழக அளவில் ஆடிய சான்றிதழ்தான். ஊர்ப் போட்டியில் வாங்கிய கோப்பைகள் ஷோகேஸுக்கு அழகு, அவ்வளவுதான். தேசிய பள்ளி விளையாட்டில் 17, 19 வயதுப் பிரிவுகள் அவனுக்கு இன்னும் பாக்கி இருக்கின்றன. அப்படியிருக்க, ஒன்பதாம் வகுப்பிலேயே முட்டியைத் தேய்ப்பானேன்?

ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சமையலறைக் காலண்டரில் மேட்ச் நாளுக்கு ஒரு வட்டம், பயிற்சிக்கு ஒரு கோடு போடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வெறுமையாக இருக்கட்டும். இரவு எட்டு மணி நேரத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். கோச் சாரிடம் போய் "விளையாட மாட்டான்" என்றால் அவருக்குக் கோபம் வரும். "சார், இந்த வருஷம் இவனுக்கு எந்த மேட்ச் முக்கியம்?" என்று கேளுங்கள், அவரே நாலைந்தை வெட்டிவிடுவார்.

அடுத்த மாதம் நேரில் வரும்போது அந்தக் காலண்டர், டாக்டர் சீட்டு, சான்றிதழ் ஜெராக்ஸ் மூன்றையும் எடுத்து வாருங்கள். பையனையும் அழைத்து வாருங்கள். அவன் என்ன நினைக்கிறான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.