கதைச் சுருக்கம் குணநல விளக்கம் ஆகிவிடாது

வணக்கம். பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1884இல் எழுதிய, இரவல் கழுத்தணி தொலைந்துபோகும் சிறுகதையில் நாயகி மத்தில்டின் குணநலனை விளக்கச் சொன்னால் உங்கள் மகள் கதையையே மறுபடி எழுதிவிடுகிறார் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அவருக்கு நிகழ்ச்சிகள் நன்றாகவே தெரிகின்றன. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அந்தப் பெண் எதைத் தேர்ந்தெடுத்தாள், வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

விருந்துக்கான அழைப்பிதழ் வரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் பெருமையோடு அதை நீட்ட, அவள் மேசைமேல் வீசியெறிந்துவிட்டு, உடுத்த நல்ல உடை இல்லை என்று அழுகிறாள். அவனோ துப்பாக்கி வாங்கச் சேர்த்து வைத்திருந்த 400 பிராங்கை உடைக்கென்று கொடுத்துவிடுகிறான். இருவரின் இயல்பையும் காட்ட இந்த ஒரு காட்சியே போதும்.

அவளைப் 'பேராசைக்காரி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது (பல வழிகாட்டி நூல்கள் செய்வது இதைத்தான்) எனக்கு உடன்பாடில்லை. ஏனெனில், வேலைக்காரியை நிறுத்திவிட்டு, வீட்டுவேலை முழுவதையும் தானே செய்து, தொலைந்த கழுத்தணிக்கு ஈடாக வேறொன்று வாங்கிக் கொடுக்கப் பட்ட கடனைப் பத்து ஆண்டுகள் கணவனோடு சேர்ந்து அடைப்பவளும் அவளேதான். கழுத்தணியை இரவல் தந்த தோழிக்கு, அதன் கொக்கி உடைந்துவிட்டது என்று பொய்க்கடிதம் எழுதுபவள் அவளே என்றாலும், அந்த யோசனையைச் சொன்னவன் கணவன். மாணவர்கள் இதைக் கவனிப்பது அரிது.

விடையில் முதலில் குணத்தைச் சொல்லி, உடனே அதற்குச் சான்றான ஒரு செயலைக் காட்டச் சொல்லுங்கள். நகை போலி என்று தெரியவரும் முடிவை, கேள்வி கேட்டாலன்றித் தொட வேண்டியதில்லை.