கார்ப் பிரியரான அண்ணனுக்கு என்ன பரிசு வாங்கலாம்? முதலில் டிக்கியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: என் அண்ணன் சென்னையில் இருக்கிறார். கார் என்றால் அவருக்கு உயிர். அடுத்த மாதம் நாற்பதாவது பிறந்தநாள். எனக்குக் காரைப் பற்றி எதுவும் தெரியாது. ஐயாயிரம் ரூபாய்க்குள், அவர் உண்மையிலேயே பயன்படுத்தும்படி என்ன வாங்கித் தரலாம்?

பதில்:

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அண்ணன் வெளியே போயிருக்கும் நேரத்தில் அண்ணியிடம் சாவியை வாங்கிக்கொண்டு கீழே போய் டிக்கியைத் திறந்து பாருங்கள். விரிப்பைத் தூக்கி அடியில் ஸ்டெப்னியையும் பாருங்கள். துடைக்கும் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றனவா, ஒரே அழுக்குத் துணி சுருண்டு கிடக்கிறதா? ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் தவிர வேறு கருவி ஏதாவது கண்ணில் படுகிறதா? டார்ச் உண்டா? இதையெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இல்லாதது எது, இருந்தும் தேய்ந்துபோனது எது என்று அந்தப் படமே காட்டிவிடும்.

இதை எனக்கு வந்த பரிசுகளின் அனுபவத்தில் சொல்கிறேன். என் அப்பா வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீட்டில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பானெட்டைத் திறந்தால் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை. இது தெரிந்ததால் உறவினர் பலரும் காருக்கென்று எனக்கு ஏதாவது தந்துகொண்டே இருந்தார்கள்: வாசனைப் புட்டிகள், தலையாட்டும் பொம்மைகள், ஸ்டியரிங் உறை, கண்ணாடியில் தொங்கவிடும் மணிகள். அன்போடு தந்தவைதான், ஆனால் எதுவும் என் காரில் தங்கவில்லை. பதினோரு ஆண்டுகளாக என் காரில் இருப்பது மாமியார் தந்த ஒரு பொருள்தான்: டயர் காற்றை அளக்கும் கேஜ்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் பெட்ரோல் பங்கில் ஒவ்வொரு முறையும் நான் இறங்கிப்போய், அங்குள்ள கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று காற்று பிடிப்பவரிடம் கேட்பதைப் பக்கத்து இருக்கையிலிருந்து கவனித்திருக்கிறார். என் பிறந்தநாளன்று, "இனிமேல் நீயே அளந்துகொள்ளம்மா" என்று கையில் கொடுத்தார். காரைப் பற்றி எதுவும் தெரியாது என்று நீங்கள் தயங்க வேண்டாம். அண்ணனைக் கவனித்தாலே போதும்.

காரை நேசிப்பவர் தன் கார் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். அதன் மேல் ஒட்டுவது, மாட்டுவது, மாற்றுவது எல்லாம் அந்த முடிவில் தலையிடுவதாகும். அவர் கையில் பிடித்துக் காருக்குப் பணிவிடை செய்யும் பொருளைக் கொடுங்கள்.

அவரிடம் கேஜ் இல்லையென்றால் அதிலிருந்தே தொடங்கலாம். ஆயிரம் ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். டயரைக் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். சித்திரை வெயிலில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பங்குக்குப் போனால் டயர் சூடேறி உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் கூடியிருக்கும். அதிகமாகக் காட்டுகிறதே என்று அப்போது காற்றை இறக்கினால், மறுநாள் குளிர்ந்த டயரில் அழுத்தம் போதாது. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சட்டகத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். இல்லையென்றால் காரோடு தந்த கையேட்டில் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பின்பற்றக் கூடாது. கேஜ் ஏற்கெனவே இருந்தால், காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சிறிய காற்றுப் பம்பை வாங்குங்கள். வேண்டிய அழுத்தத்தை முன்பே குறித்துவிட்டால் அந்த அளவு வந்ததும் தானாக நின்றுவிடும் வகை நல்லது. அதனுடன் டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் கிட் ஒன்றையும் சேர்த்தாலும் உங்கள் தொகைக்குள் அடங்கும்.

அடுத்தது கழுவுவது. இதில்தான் கார்ப் பிரியர்களின் மனம் லயிக்கும். சென்னையின் அடுக்குமாடிகளில் காலையில் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியுமாகப் பத்துக் கார்களைத் துடைத்துவிட்டுப் போவார். முதல் காரில் ஏறிய மணல் பத்தாவது கார்வரை பயணம் செய்யும். வெயிலில் ஒரு கறுப்புக் காரைச் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலைபோல வட்டக் கீறல்கள் தெரிகின்றனவே, அவற்றில் பல இப்படி வந்தவைதான். உங்கள் அண்ணன் கார் துடைப்பவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே கழுவுகிறாரா என்று அண்ணியிடம் கேளுங்கள். ஆம் என்றால் பரிசு முடிவாகிவிட்டது.

இரண்டு வாளிகள் வாங்குங்கள், ஒன்று சோப்புத் தண்ணீருக்கு, ஒன்று துணியை அலசுவதற்கு. வாளியின் அடியில் வைக்க ஒரு சல்லடைத் தட்டு கிடைக்கிறது. அலசும்போது மணல் அதற்குக் கீழே தங்கிவிடும், மறுபடியும் துணியில் ஏறாது. கையுறைபோல மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் மிட் ஒன்று, தண்ணீரை ஒற்றியெடுக்கப் பெரிய தடித்த துண்டு ஒன்று, உள்ளே துடைக்கச் சிறிய துணிகள் நான்கு. கார் ஷாம்பு மறக்க வேண்டாம். பாத்திரம் விளக்கும் சோப்பு பிசுக்கை மட்டுமல்ல, பெயிண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகையும் கழுவிவிடும். சக்கரத்துக்கு வேறு நிறத்தில் தனித் துணி எடுங்கள். பிரேக் தூசி ஒட்டிய துணி பானெட்டின் மேல் படவே கூடாது.

அண்ணன் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா? நான் திருவான்மியூரில் இருக்கிறேன். எங்கள் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் காரின் மேல் வெள்ளைப் புள்ளிகளாக உறைந்துவிடும். அதனால்தான் அந்தப் பெரிய துண்டை இவ்வளவு வலியுறுத்துகிறேன். 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, காரைக் கழுவுவதே தப்பு என்று நான் நிறுத்திவிட்டேன். தெளித்துத் துடைக்கும் திரவத்தை அப்போதுதான் பழகினேன். லேசான தூசிக்கு அது போதும். சேறு பிடித்த காரில் வேண்டாம், கீறிவிடும். கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: உப்புக்காற்று முதலில் கை வைப்பது காரின் அடிப்பாகத்தில். அண்ணன் பெசன்ட் நகர், நீலாங்கரை, எண்ணூர் மாதிரி இடத்தில் இருந்தால், அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்துத் தருவது பொருளைவிடப் பெரிய பரிசு. செலவு உங்கள் தொகையைத் தாண்டலாம், அண்ணியோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

மழைக்காலத்தைச் சொல்லாமல் சென்னைக் காரைப் பற்றிப் பேச முடியாது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இப்போது மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. தண்ணீரில் நின்ற காரை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். சாதாரண முழுக் காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது அரிது. இஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். அண்ணன் பாலிசியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அடுத்த புதுப்பிப்பில் அதற்கான தொகையை நீங்கள் கட்டுவதாக ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். பொட்டலமே இல்லாத பரிசு, ஆனால் கார் தெரிந்தவருக்கு அதன் மதிப்பு புரியும்.

கூடவே சீட் பெல்ட்டை அறுக்கும் கத்தியோடு சேர்ந்த கண்ணாடிச் சுத்தியல் ஒன்று, சில நூறு ரூபாய். பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் அடிக்க வேண்டும். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்துச் செய்தது, அடித்தாலும் வழிவிடாது. சுத்தியலை டிக்கியில் போடாமல் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இனி வாங்கக் கூடாதவை. கூடுதல் வெளிச்சம் தரும் ஹெட்லைட் பல்புகளைத் தொடவே வேண்டாம். ஒரு தீபாவளிக்கு என் பெரியப்பா மகன் 100/90 வாட் பல்புகளை ஆசையாக வாங்கிக் கொடுத்தான். என் காரில் இருந்தவை 60/55 வாட் (முதல் எண் ஹை பீமுக்கு, அடுத்தது லோ பீமுக்கு). பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேராக மின்சாரம் தரும் தனி ரிலேயும் தடித்த வயரும் போட்டிருக்க வேண்டும். மாட்டியவர் பழைய இணைப்பிலேயே செருகி அனுப்பிவிட்டார். மேல்மருவத்தூரைத் தாண்டி இரவு பத்தரை மணிக்கு ஹோல்டர் உருகி இரண்டு விளக்குகளும் அணைந்தன. பின்னிருக்கையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். லாரிகள் பறக்கும் சாலையில் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாக ஊர்ந்து ஒரு உணவகத்தின் வாசலில் விடியும்வரை நின்றோம். அந்த இரவுக்குப் பிறகு, வயரைத் தொடும் எந்தப் பொருளையும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

சீட் கவரும் அப்படித்தான். பல புதிய கார்களில் பக்க ஏர்பேக் முன்னிருக்கையின் உள்ளேயே இருக்கிறது. அந்தக் காருக்கென்று தைக்காத கவர் அது விரிவதைத் தடுக்கும். கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு 2012-ல் உச்ச நீதிமன்றமே தடை போட்டது. முன்னால் மாட்டும் இரும்புக் கிராஷ் கார்டு சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியை ஏமாற்றும் கிளிப்பைத் தந்தால் அது அண்ணனுக்குச் செய்யும் கேடு. பிள்ளையார் வாங்க நினைத்தால் தாராளமாக வாங்குங்கள், என் காரிலும் இருக்கிறார். ஆனால் பயணி பக்க டேஷ்போர்டில் ஏர்பேக் மூடியின் மேல் ஒட்டக் கூடாது. மோதலில் அந்த மூடி வெடித்துத் திறக்கும்போது மேலே இருப்பது எதுவானாலும் முகத்தை நோக்கித்தான் வரும். ஏ.சி. கட்டுப்பாடுகளுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சிறிய உருவமாக வைக்கலாம்.

எங்கே வாங்குவது? அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார்ப் பொருட்களுக்கென்றே வரிசையாகக் கடைகள். போகும்போது மேலே சொன்னதை எழுதி எடுத்துச் செல்லுங்கள், அதைத் தவிர வேறு எதற்கும் சம்மதிக்காதீர்கள். புதுப்பேட்டை வேறு உலகம். எழும்பூரை ஒட்டிய அந்தச் சந்துகளில் பழைய கார்களைப் பிரித்து அடுக்கியிருப்பார்கள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ முன்பு ஒரு கார் வைத்திருந்தாரா? அந்த மாடலின் பெயர்த் தகடோ, ஸ்பீடோமீட்டரோ அங்கே கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மரப் பலகையில் பொருத்திச் சுவரில் மாட்டினால் அண்ணன் அதன் முன்னால் நெடுநேரம் நிற்பார். ரசீது மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கிடைக்கவில்லையென்றால் அந்தக் காரின் மாதிரி பொம்மை. அளவு பார்த்து வாங்க வேண்டும்: நான்கு மீட்டர் நீளமுள்ள கார் 1:18 அளவில் சுமார் 22 சென்டிமீட்டர், 1:43-ல் 9, 1:64-ல் 6. அலமாரியில் வைத்து ரசிக்க 1:18. ஏற்கெனவே சேகரிப்பவராக இருந்தால் அவர் எந்த அளவில் சேகரிக்கிறாரோ அதே அளவு.

பொருளே வேண்டாம் என்றால் ஒரு நாளைக் கொடுங்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது, 1990-ல் திறந்தது. அதற்கு முன் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். என் அப்பா சொல்லும் கதைகளில் பாதி அங்கே நடந்தவை. பந்தயம் நடக்கும் வார இறுதியைப் பார்த்து அண்ணனை அழைத்துப் போங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம், வெயில் கொளுத்தும். கோயம்புத்தூர் போகும் வாய்ப்பிருந்தால் அவினாசி சாலையில் உள்ள கெடீ கார் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

உங்கள் ஐயாயிரத்தை நான் செலவு செய்வதாக இருந்தால், கேஜ், கழுவும் பொருட்கள், கண்ணாடிச் சுத்தியல் எல்லாவற்றையும் அந்த இரண்டு வாளிகளுக்குள்ளேயே அடுக்கி, மேலே பெரிய துண்டை மடித்து மூடிக் கொடுப்பேன். வண்ணக் காகிதமே தேவைப்படாது.

டிக்கியில் என்ன இருந்தது என்று கீழே எழுதுங்கள். காரின் மாடலையும் ஆண்டையும் சொன்னால், எந்த அளவு வைப்பர் பிளேடு, எவ்வளவு காற்று என்பதையும் பார்த்துச் சொல்கிறேன்.