கூலண்டை மாற்றும் முன் அது எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வி: என் டர்போ பெட்ரோல் கார் வாங்கி மூன்று வருடம், 32,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் வேளச்சேரி, ஓஎம்ஆர் டிராஃபிக்தான். கூலண்ட் மாதாமாதம் கொஞ்சம் இறங்குகிறது. சர்வீஸ் சென்டரில் ஃப்ளஷ் செய்து முழுசாக மாற்றச் சொல்கிறார்கள், எங்கள் தெரு மெக்கானிக்கோ "தண்ணி ஊத்துங்க, போதும்" என்கிறார். வண்டியை நிறுத்தின பிறகும் ஃபேன் ஓடுகிறது. என்ன செய்வது?

பதில்: ஃபேனுக்காகக் கவலைப்படாதீர்கள். டர்போவுக்குள் (எஞ்சின் புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் பாகம்) வரும் புகையின் சூடு 900 டிகிரியைக்கூடத் தாண்டும், எஞ்சினை அணைத்ததும் அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் பல கார்களில் ஃபேனோ சின்ன எலக்ட்ரிக் பம்போ கொஞ்ச நேரம் ஓடும்.

கூலண்ட் இறங்குவதுதான் விஷயம். எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தத் திரவம் மூடிய சுற்றில் ஓடுவது, எரிந்து தீரும் பொருள் இல்லை, ஆகவே மாதாமாதம் குறைகிறது என்றால் எங்கேயோ கசிகிறது, அதைப் பார்க்காமல் புதுசு ஊற்றினால் அதுவும் அதே வழியில்தான் போகும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிந்து காய்ந்த இடத்தில் சுவரில் உப்பு பூத்த மாதிரி வெள்ளையாகவோ கூலண்ட் நிறத்திலோ படிந்திருக்கும். டேங்க் மூடியின் ரப்பர் போயிருந்தாலும் குறையும். (சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள், முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.) ஒன்றும் தெரியவில்லை என்றால் பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடிப்பது) கேளுங்கள். ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் கொழகொழப்பு, எஞ்சின் சூடேறியும் நிற்காத வெள்ளைப் புகை, இதெல்லாம் இருந்தால் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் சீல்) போயிருக்குமோ என்று சந்தேகம், அப்புறம் ஓட்டவே கூடாது.

வாரண்டி இன்னும் இருந்தால் ஜாப் கார்டில் 'கூலண்ட் கசிவு' என்றே எழுத வையுங்கள். 'டாப்-அப்' என்று எழுதிவிட்டால் நாளைக்கு வாரண்டி கேட்கும்போது உங்கள் கையில் எதுவும் இருக்காது. ஃப்ளஷ், அதாவது பழையதை வெளியேற்றி உள்ளே கழுவுவது, அவசியமா என்பதற்கு மேனுவல்தான் பதில். இப்போதைய கார்களில் வரும் நீண்ட நாள் கூலண்டுகள் பெரும்பாலும் ஐந்து வருடமாவது தாங்கும், மூன்றாம் வருடமே மாற்றச் சொன்னால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சென்னைத் தண்ணீரில் இருக்கும் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்துவிடும், துருவைத் தடுக்கும் சத்தும் கூலண்டில் நீர்த்துப்போகும்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் வாங்குவதாக இருந்தால் "பச்சை குடுங்க, சிவப்பு குடுங்க" என்று கேட்காதீர்கள். நிறத்துக்கு எந்த விதியும் கிடையாது, கம்பெனிக்கு ஒன்று. மேனுவலில் போட்டிருக்கும் வகையைச் சொல்லிக் கேளுங்கள், ஒத்துவராத இரண்டு வகை கலந்தால் உள்ளே கூழாகத் திரண்டு அடைத்துக்கொள்ளலாம். விலை பார்க்கும்போது தண்ணீர் சேர்க்காத கான்சன்ட்ரேட்டா, சேர்த்தே வரும் ரெடிமிக்ஸா என்று கவனியுங்கள். சரிபாதி டீமினரலைஸ்டு (உப்பு நீக்கிய) தண்ணீர் சேர்த்தால் கான்சன்ட்ரேட் ஒரு லிட்டர் இரண்டு லிட்டராகிவிடும், அதனால் விலை கூடத் தெரிந்தாலும் பல நேரம் அதுதான் லாபம். கெட்டியாக ஊற்றினால் நல்லது என்று அப்படியே ஊற்றிவிடாதீர்கள், தண்ணீர் சேராத கூலண்ட் சூட்டைச் சரியாகக் கடத்தாது.